பூட்டிய வாசலுக்கு எதற்குக் காவல்?

1940 நவம்பரில் இலங்கையின் மூன்று மந்திரிகள் புதுதில்லிக்கு வந்தார்கள். டி. எஸ். சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, ஜி. சி. எஸ். கொரயா. இந்திய அரசின் தரப்பில் சர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் எதிரே உட்கார்ந்தார். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு ஆட்கள் வருவதை எப்படிக் கட்டுப்படுத்துவது, ஏற்கெனவே வந்தவர்களை என்ன செய்வது என்பதுதான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஆனால் அந்த நவம்பரில், தனி அனுமதி வாங்காத ஒரு கூலியாள்கூட இந்தியக் கரையிலிருந்து சட்டப்படி கப்பல் ஏறியிருக்க முடியாது. 1939 ஆகஸ்டு 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசே தடுத்து நிறுத்தியிருந்தது. அவர்களைக் கப்பலேற்றும் மண்டபம் முகாமின் வாசல் பூட்டிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

இந்த ஒரு தேதியை வைத்துக்கொண்டு, பலரும் நம்பும் ஒரு கதையை நான் மறுக்கப் போகிறேன்.

அந்தக் கதை இப்படிப் போகும். இலங்கை சின்னத் தீவு. முப்பதுகளின் மந்தத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடும்பத்துக்குக் கால் காணி நிலம் மிஞ்சவில்லை. சோற்றுக்கு அரிசி கடல் தாண்டி வர வேண்டும். இந்த நெருக்கடியில் பக்கத்துப் பெரிய நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் எந்த அரசுதான் சும்மா இருக்கும்? வாசலில் காவல் போடுவது சிறிய நாட்டின் இயல்பான தற்காப்பு. 1940, 1941 பேச்சுவார்த்தைகள் அந்தத் தற்காப்பை நாகரிகமாகச் செய்து முடிக்க நடந்த முயற்சி. இந்தியாவின் பிடிவாதத்தாலும் யுத்தத்தாலும் அது கைகூடாமல் போயிற்று. 1948 குடியுரிமைச் சட்டம் வேறு விஷயம், 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழர் எதிரணிக்கு வாக்களித்த கோபத்தில் பிறந்தது.

இதைச் சிங்கள எழுத்தாளர்கள் மட்டும் சொல்வதில்லை. கொழும்புத் தமிழர் வீட்டு வரவேற்பறையில் கேட்டிருக்கிறேன். சென்னையில் கருத்தரங்க மேடையிலும் கேட்டிருக்கிறேன். 'குடிவரவுக் கட்டுப்பாடு நியாயம்தான், குடியுரிமைப் பறிப்புதான் அநியாயம்' என்று இரண்டையும் வெட்டிப் பிரித்து வைப்பது பெருந்தன்மை போலவும் நடுநிலை போலவும் தோற்றம் தருகிறது. அப்படிப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே காரியம். முதலாவதின் பெயரால்தான் இரண்டாவது தயாரானது.

முதலில் இட நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் பரப்பு 25,332 சதுர மைல். 1946 குடிமதிப்பில் மக்கள்தொகை 66 இலட்சத்து 57 ஆயிரம். சதுர மைலுக்கு 263 பேர். 1941 கணக்கில் சென்னை மாகாணம் சதுர மைலுக்கு 390 பேர் அளவில் சுமந்துகொண்டிருந்தது. இலங்கைக்குள்ளும் ஈரவலயம் நெரிந்து கிடந்ததே தவிர, தீவின் மூன்றில் இரண்டு பங்கான உலர்வலயம் ஆளில்லாமல் காடாகக் கிடந்தது. மின்னேரியாக் குளத்தைத் திருத்தி, 'வாருங்கள், குடியேறுங்கள், நிலம் தருகிறோம்' என்று ஈரவலயத்து மக்களை அரசு அழைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தக் குடியேற்றத் திட்டங்களை முன்நின்று நடத்திய விவசாய, காணி மந்திரி யார்? தில்லிக்கு வந்த அதே டி. எஸ். சேனநாயக்க. ஒரு கையால் காட்டைத் திறந்து ஆள் தேடியவர், மறு கையால் 'இடம் இல்லை' என்று எழுதிய மனுவை நீட்டினார். 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில் முடிக்குரிய நிலம் 'இலங்கையருக்கு' மட்டும் என்று ஆனபோது, தோட்டத்து இந்தியர் அந்தச் சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். காடு காலியாகத்தான் இருந்தது. இவர்களுக்கு இல்லை என்பதுதான் சட்டம்.

உண்மையிலேயே நிரம்பி வழிந்த ஒரு காலனி அப்போது இருந்தது. ஹாங்காங். 1937-இல் ஒரு இலட்சம் அகதிகள், 1938-இல் ஐந்து இலட்சம், 1939-இல் ஒன்றரை இலட்சம் என்று சீனாவிலிருந்து அங்கே வந்து இறங்கினார்கள். 1938 அக்டோபரில் கன்டன் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் தெருவில் படுத்தார்கள் என்பது ஹாங்காங் அரசே பின்னாளில் எழுதிய மதிப்பீடு. 1931-இல் எட்டரை இலட்சமாக இருந்த ஊர், பத்தே வருஷத்தில் பதினாறு இலட்சத்தைத் தொட்டது. நூறு வருஷமாகச் சீனர் தடையில்லாமல் போய்வந்த அந்த எல்லைக்கு 1940 கடைசியில்தான் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றியும் எனக்குக் கேள்விகள் உண்டு. குண்டுக்குத் தப்பி ஓடி வருகிற ஆளிடம் சீட்டுக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அங்கே வாசலில் ஆள் நின்றான் என்பது உண்மை. இலங்கை வாசலில் யார் நின்றார்? ஹாங்காங் தெருவில் படுத்திருந்தவர்களையும் நுவரெலியாச் சரிவில் கொழுந்து பறித்தவர்களையும் ஒரே 'நெருக்கடி' என்ற சொல்லில் போட்டுக் குழைப்பது நாணயமான பேச்சு இல்லை.

அரிசி விஷயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அதற்கான காசு தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதியிலிருந்து வந்தது. தீவின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு இந்த மூன்றும்தான். தேயிலையைப் பறித்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியதும் யாருடைய கை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையைக் கணக்கில் சேர்க்காமல் வாயை மட்டும் எண்ணிச் சொன்னார்கள்.

நிலப் பசி வேறு மாதிரி. அது பொய்யில்லை. அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். கண்டிய விவசாயி உண்மையிலேயே நெருக்கப்பட்டார். வயலுக்கு மேலே இருந்த மேட்டுக்காடு அவருடைய சேனைக்கும் விறகுக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் உரியது. அந்த மேட்டைத்தான் தோட்டம் விழுங்கியது. இன்றும் புசல்லாவைப் பாதையில் போனால் பார்க்கலாம்: கீழே பள்ளத்தில் நெருக்கியடித்த சிங்களக் கிராமம், ஒரு ஓடை, ஓடைக்கு மேலே வானம் வரைக்கும் தேயிலை. கிராமத்துக்காரர் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுவது தேயிலையும் அதற்குள் குனிந்து நிற்கும் தமிழ்ப் பெண்ணும்தான். நிலத்தை எடுத்த கம்பெனி இலண்டனில் இருந்தது. அது கண்ணில் படாது. கோபம் கண்ணில் பட்டவர் மேல் இறங்கியது. அந்தக் கிராமத்தாரின் கோபம் எனக்குப் புரிகிறது.

புரியாதது மந்திரிகளின் கோபம். 1840-ஆம் ஆண்டின் முடிக்காணி ஆக்கிரமிப்புச் சட்டம், 1897-ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத குடியானவரின் நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று ஆக்கிய வழி, அரசு அதைத் தோட்டக்காரருக்கு விற்ற வழி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கம்பெனிகளிடமிருந்து நிலத்தைத் திருப்பி வாங்குவது என்பது தில்லிப் பேச்சிலோ கொழும்புப் பேச்சிலோ ஒரு விஷயமாக வரவே இல்லை. தோட்டம் அப்படியே இருக்கட்டும். கூலியும் அப்படியே இருக்கட்டும். கூலிக்காரருக்கு உரிமை மட்டும் வேண்டாம். இதுதான் அவர்கள் கேட்டது. வரிசைக் குடியிருப்பான லயத்தின் சின்னக் காம்பராவில் குடியிருப்பவர் கண்டிய விவசாயியின் ஒரு முழ நிலத்தையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அவரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தாலும் ஓடைக்கு மேலே தேயிலைதான் இருக்கும். இருந்தது.

இந்தியர் வரவால் இலங்கையர் வேலை இழக்கிறார்களா என்ற கேள்வியை விசாரிக்க இலங்கையே ஒரு கமிஷன் வைத்தது. சர் எட்வர்ட் ஜாக்சன் விசாரித்தார். 1938-இல் அறிக்கை வந்தது. இந்தியத் தொழிலாளர் வந்ததால் இலங்கையர் வேலை இழந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் அது சொன்னது. தோட்டத் தொழிலாளர் வரவுக்குத் தடை போட வேண்டிய தேவை அந்த அறிக்கைக்குத் தெரியவில்லை. ஒரு அரசு சந்தேகத்தின் பேரில் விசாரணை வைத்து, விசாரணையில் சந்தேகம் நிரூபணமாகவில்லை என்றால், நேர்மையான அரசு அங்கே நின்றிருக்கும். மந்திரிசபை நிற்கவில்லை. அடுத்த வருஷமே, அரசு இலாகாக்களில் தினக்கூலி வேலை செய்த 'இலங்கையர் அல்லாதவர்களை' வீட்டுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. நாள் குறித்தது 1939 ஆகஸ்டு 1. அந்த ஜூலையில் ஜவாஹர்லால் நேரு பறந்து வந்து மந்திரிகளோடு பேசிப் பார்த்தார். திட்டத்தின் முதுகெலும்பு அசையவில்லை. அவர் வந்த கையோடு, ஜூலை 25-இல் இலங்கை இந்திய காங்கிரஸ் உருவானது. அந்தத் திட்டத்துக்குப் பதிலடியாகத்தான் அதே ஆகஸ்டு 1-ஆம் தேதி இந்திய அரசு ஆள் போவதைத் தடுத்தது.

ஆக, வரவு நின்றுபோனது. வேலையைப் பறித்தார்கள் என்ற வாதம் அவர்கள் கமிஷனிலேயே தோற்றுப்போனது. அப்புறமும் தில்லிக்கு மூன்று மந்திரிகள் போக வேண்டிய அவசரம் எது?

வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். 1931-இல் டொனமூர் அரசியல் அமைப்பு சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே தோட்டத்து இந்தியரில் 40 முதல் 50 சதவீதம் பேர் நிலையாகக் குடியமர்ந்துவிட்டவர்கள் என்று டொனமூர் கமிஷன் கணித்திருந்தது. ஆனாலும் கண்டியத் தலைவர்களின் எதிர்ப்பால், இந்தியருக்கு மட்டும் நிரந்தர வதிவை நிரூபிக்கும் வேலி ஒன்று போடப்பட்டது. அந்த வேலியையும் தாண்டி 1931-இல் சுமார் ஒரு இலட்சம் இந்தியர் பட்டியலில் ஏறினார்கள். 1936-இல் ஒன்றரை இலட்சத்தை நெருங்கியது. 1939-இல் இரண்டேகால் இலட்சம். இந்த ஏறுமுகம்தான் வயிற்றைக் கலக்கியது. பின்பு பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகளின் கெடுபிடி கூடியது. 1943 பட்டியலில் எண்ணிக்கை ஒரு இலட்சத்து 68 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த நான்கு வருஷத்தில் அவ்வளவு பேர் செத்துப்போகவில்லை. பட்டியலில் செத்தார்கள்.

கிராமச் சபை விஷயத்திலும் இதே கைதான். 1937-இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது முதலில் இந்தியத் தொழிலாளருக்கு வாக்கு இல்லை என்று எழுதினார்கள். இனப் பாகுபாடு என்று இந்தியா கண்டித்ததும், தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வாக்கு இல்லை என்று மாற்றினார்கள். லயத்தில் குடியிருந்தவர் யார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராகப் பேர் சொல்ல முடியாத இடத்தில் வேறொரு பேரை வைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. 'குடிவரவு' அந்தப் பழக்கத்தின் அடுத்த பேர்.

ஏன் அந்தப் பேர் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1940-இல் இலங்கையரும் பிரிட்டிஷ் பிரஜை, இந்தியரும் பிரிட்டிஷ் பிரஜை. ஒரே முடியின் கீழ் இருந்த இரண்டு நாடுகள். தில்லி மேசையின் இரண்டு பக்கமும் ஒரே அரசருக்கு அடங்கிய அரசுகள். சட்டத்தில் 'அந்நியர்' என்ற ஆள் அங்கே இல்லை. இரண்டு தலைமுறையாக அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரை அந்நியர் என்று ஆக்க வேண்டுமானால், முதலில் அவரை 'வந்தவர்' என்று எழுத வேண்டும். எல்லையைத் தாண்டுவது பற்றிய சட்டத்தில் எல்லைக்கு உள்ளே பிறந்தவரை இழுத்துப் போட வேண்டும். தில்லியில் நடந்தது அதுதான்.

இந்தியத் தரப்பு ஐந்து வருஷக் குடியிருப்பும் இலங்கையில் நிலையான பற்றும் காட்டுகிறவருக்கு முழு உரிமை கேட்டது. மந்திரிகள் ஒப்பவில்லை. மக்களைத் தரம் பிரித்து, ஒரு சிலருக்கு முழு உரிமை, மற்றவருக்கு அரைகுறை, மிச்சப் பேருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் என்ற வழியில் நின்றார்கள். பேச்சு முறிந்தது. முறிந்தது எதில் என்பதைக் கவனியுங்கள். எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதில் முறியவில்லை. உள்ளே இருப்பவர் யார் என்பதில் முறிந்தது.

1941-இல் குடிவரவு மசோதாவும் இலங்கையர் அல்லாதவர்களைப் பதிவு செய்யும் மசோதாவும் இலங்கைச் சட்டமன்றமான அரசுச் சபைக்கு வந்தன. செப்டம்பரில் பாஜ்பாய் கொழும்புக்கு வந்தார். இந்த முறை இரண்டு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. தில்லியில் மறுத்த தரம்பிரிப்பைக் கொழும்பில் இந்தியத் தூதுக்குழு பெருமளவு ஏற்றுக்கொண்டது. பிறப்பால் உரியவர், தெரிவால் உரியவர், சான்றிதழ் உள்ளவர், இல்லாதவர் என்று ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர்களைப் படி படியாக அடுக்கி வைக்கும் ஆவணம் அது. இந்தியாவில் எழுந்த எதிர்ப்பால் இந்திய அரசு அதை உறுதி செய்யவில்லை. அதனால் 'செத்துப்போன ஒப்பந்தம்' என்று வரலாற்று நூல்கள் அதைக் கடந்துபோகின்றன. என் எண்ணத்தில் அந்த அறிக்கை சாகவில்லை. ஏழு வருஷம் தூங்கி எழுந்தது.

தில்லியிலும் கொழும்பிலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் காலையில் பேர் கூப்பிடும் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்ற ஆள் ஒருவரும் இல்லை. அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அடுத்த சில மாதங்களுக்கு மலைநாடு முழுக்கக் கொந்தளித்தது. தன் கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் உயிரைக் கொடுத்துப் போராடும் ஆள், நாளைக்கு ஊருக்குத் திரும்பிப் போகும் வழிப்போக்கர் இல்லை. 'நிலையான பற்று' என்று பாஜ்பாய் தேடிய சான்று முல்லோயாவில் கிடந்தது.

இவர்களிடம் சான்று கேட்டதே பெரிய கொடுமை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இவர்களைப் போல எண்ணப்பட்ட கூட்டம் குறைவு. திருச்சியில் இருந்த இலங்கைத் தொழிலாளர் கமிஷன் அலுவலகத்தில் பேர் பதிந்தார்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, குளிக்கவைத்து, உடுத்தியிருந்த துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை ஊசி குத்தி, அப்புறம்தான் கப்பலில் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு ஆளின் கழுத்திலும் கயிறு கட்டி ஒரு தகரத் துண்டு தொங்கும். எந்தப் பகுதி, எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எழுத்தும் எண்ணும் அதில் குத்தியிருக்கும். பாஷை தெரியாத ஆள் வழியில் தொலைந்தாலும் சாமான் போலத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை கையெழுத்துப் போட்ட பற்றுச்சீட்டு வேண்டும். ஆளைக் கொண்டுவரும்போது இவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த அரசு, அதே ஆள் வாக்குக் கேட்டு நின்றபோது, 'நீ எப்போது வந்தாய், எங்கே பிறந்தாய், காகிதம் எங்கே?' என்று அவரிடம் கேட்டது. காகிதமெல்லாம் துரையின் அலமாரியில் இருந்தது.

இந்தியாவை நான் காப்பாற்றப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். 1939 தடையை இந்தியா தன் மக்களின் மானத்தைக் காக்கப் போட்ட தடை என்று புகழ்கிறார்கள். அது யார் மேல் விழுந்தது? மந்திரிகள் மேல் விழவில்லை. தோட்டக் கம்பெனிகளுக்கும் அப்போது ஆள் பஞ்சம் இல்லை. ஊருக்கு ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று வந்த குடும்பங்கள் மேல் விழுந்தது.

என் பாட்டியின் தம்பி 1940 தை மாதம் தாய் படுத்த படுக்கை என்று கடுதாசி வந்து முசிறிப் பக்கம் ஊருக்குப் போனார். பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். தாய் மாசியில் செத்தாள். காரியம் முடித்து மண்டபத்துக்கு வந்தவரை வாசலில் நிறுத்தினார்கள். தடை இருக்கிறது, விதிவிலக்குக் கேட்டு மனுப் போடு என்றார்கள். எழுதத் தெரியாத மனிதர் ஆள் வைத்து மனு எழுதினார். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினார். முகாமுக்கு வெளியே ஒரு சாயாக் கடையில் தண்ணீர் சுமந்து, இலங்கையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் தன் தோட்டத்து ஆட்கள் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டே கிடந்தார் என்று பாட்டி சொல்வாள். 1942 செப்டம்பருக்குப் பிறகு தடை தளர்ந்தது. ஒருவழியாக அவருக்கு அனுமதி கிடைத்தது 1943-இல். மூன்று வருஷம். இளைய பிள்ளைக்கு அப்பனின் முகம் அடையாளம் தெரியவில்லை.

தடை தளர்ந்ததற்குக் காரணம் யுத்தம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மலாயா ரப்பர் மொத்தமும் ஜப்பான் கைக்குப் போனபின், நேசநாடுகளுக்குக் கிடைத்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 60 சதவீதம் இலங்கையிலிருந்து வந்தது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்ட உரித்துப் பால் எடுத்தார்கள். லாரி டயருக்கும் விமானச் சக்கரத்துக்கும் ரப்பர் வேண்டும். வேலைநிறுத்தம் செய்தால் குற்றம் என்று போர்க்கால விதி வந்தது. பர்மா அரிசி நின்றுபோனதால், அரசுச் சபையின் தலைவராக இருந்த சர் பாரன் ஜயதிலக்க பதவியை விட்டு, இலங்கையின் பிரதிநிதியாகத் தில்லிக்கே போய் உட்கார்ந்து அரிசிக்கு ஏற்பாடு செய்தார். அதே தில்லியிடம் 1943-இல் இலங்கை இன்னொன்றும் கேட்டது: ரப்பர் தோட்டத்துக்குக் கூடுதல் ஆள்.

நிரம்பி வழிகிறது, இடமே இல்லை என்று சொன்ன தீவு. நாலு வருஷத்துக்கு முன் தினக்கூலியை விரட்டிய தீவு. இன்னும் ஆள் அனுப்பு என்று கேட்டது. 'வருகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் என்ன உரிமை தருவாய்?' என்று இந்தியா திருப்பிக் கேட்டதும் பேச்சு நின்றது. ஆள் வேண்டும், யுத்தம் முடிந்ததும் அவர் போய்விட வேண்டும். இட நெருக்கடியைப் பற்றிய கவலையாக இருந்திருந்தால் அந்தக் கோரிக்கை எழுந்திருக்கவே முடியாது. உரிமை கேட்காத உடம்பு எத்தனை வந்தாலும் அவர்களுக்கு இடம் இருந்தது. இட நெருக்கடி வாதத்துக்கு இதைவிட வேறு மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அந்த வாதத்தைச் சொன்னவர்களே அதை மறுத்துவிட்டார்கள்.

இனி 1947 தேர்தல். மலையகத்தில் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்ற தொகுதிகளும், மற்ற இடங்களில் தொழிலாளர் வாக்கால் இடதுசாரிகள் வென்றதும் சேனநாயக்கவை உறுத்தியது உண்மை. அந்தத் தேர்தல் அவசரத்தைக் கொடுத்திருக்கலாம். சட்டத்தின் எலும்பைக் கொடுக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தால் போதாது, அப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. வந்தவரின் பிள்ளையும் வந்தவரே என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு தில்லி மேசையில் பேசியது. அதே வருஷத்தில் வந்த 20-ஆம் இலக்கச் சட்டம் குடிவரவு, குடியகல்வு பற்றியது. யுத்தகாலத்தில் ஒரே பேச்சாகப் பேசியதைச் சுதந்திரம் கிடைத்த கையோடு அருகருகே இரண்டு சட்டமாக அடித்தார்கள். 1949-இல் மூன்றாவது வந்து வாக்கையும் எடுத்துக்கொண்டது. பழிவாங்க நினைப்பவர் ஒரு தொகுதியின் எல்லையை மாற்றுவார், ஒரு தலைவரைச் சிறையில் போடுவார். இவ்வளவு நேர்த்தியான சட்ட வரிசைக்குப் பல வருஷத் தயாரிப்பு வேண்டும். தயாரிப்பு நடந்தது 1940-க்கும் 1941-க்கும் இடையே.

1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் என்று ஒன்று போட்டு, விண்ணப்பித்தால் குடியுரிமை தருவோம் என்றார்கள். 1946 ஜனவரி 1-க்கு முன்பு தொடர்ச்சியாக, கல்யாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் இலங்கையில் குடியிருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. சுமார் எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் இலட்சம் நாடற்றவர்களைப் பங்கு பிரித்தார்கள்: ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, ஒன்றரை இலட்சம் பிறகு பார்ப்போம். 1939-இல் 'இலங்கையர் அல்லாதவர்' என்று தொடங்கிய சொல் அதில் போய் முடிந்தது.

ஏழு வருஷத்துக்கு 1946-லிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். 1939 ஜனவரியில் வந்து நிற்கும். அதே வருஷம் ஆகஸ்டில்தான் இந்தியா வாசலைப் பூட்டியது. சாவுக்குப் போய்த் திரும்ப முடியாமல் மண்டபத்தில் காத்துக் கிடந்த நாட்களெல்லாம் அந்த ஏழு வருஷத்துக்குள்தான் விழும். இந்தியா மானத்துக்காகப் போட்ட பூட்டின் நாட்களை இலங்கை ஒவ்வொன்றாக எண்ணி அதே மக்களிடம் திருப்பிக் காட்டியது. இரண்டு அரசுகளும் ஒப்பந்தத்தில் சேர முடியாமல் போயிருக்கலாம். இந்த ஒரு காரியத்தில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் சேர்ந்துகொண்டார்.

பாட்டியின் தம்பியும் விண்ணப்பம் போட்டார். பெண்டாட்டி பிள்ளைகள் பேரும் அதில் இருந்தன. தோட்டத்து செக்ரோலில் அவர் பேர் 1926-இலிருந்து இருந்தது. நடுவில் மூன்று வருஷம் இல்லை. தொடர்ச்சியான வதிவு இல்லை என்று நிராகரித்து ஒரு வரிக் கடிதம் வந்தது. எங்கே போயிருந்தாய், ஏன் திரும்பவில்லை என்று விசாரணையில் கேட்டார்களாம். வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாராம். யார் நிறுத்தினார்கள் என்று கேட்டார்களாம். அதற்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

1974-இல் குடும்பத்தோடு கப்பலேறினார். ராமேஸ்வரத்தில் இறக்கி மண்டபம் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். லாரியிலிருந்து இறங்கியவர் பேர் பதியும் வரிசையில் போய் நிற்கவில்லை. முகாம் வாசலுக்குத் திரும்பி நடந்து, வெளியே அந்தச் சாயாக் கடை இருந்த இடத்தை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார் என்று பாட்டி சொல்வாள்.